தேயாத பாதி

வானொலி நிலையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது தஞ்சாவூரில் இருக்கிறேன். நான் வேலை பார்த்த நிலையத்தில் பழைய இசைத்தட்டுகளையெல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலையைப் பார்க்கும் திவ்யா என்ற பெண் போன மாதம் போன் செய்தாள்.

“மேடம், ஒரு சந்தேகம். சின்ன சைஸ் தட்டு ஒண்ணு. செல்லோ, கூட ஆர்க்கெஸ்ட்ரா. மொத்தம் ஒம்பது நிமிஷம் சொச்சம். மொதல் அஞ்சு நிமிஷம் ஒரே கரகரப்பு. அதுக்கப்பறம் இப்பதான் கடையில வாங்கினாப்ல சுத்தமா இருக்கு. தட்டப் பாத்தாலே தெரியுது. வெளிப்பக்கம் வெளுத்துப்போய், உள்பக்கம் பளபளன்னு கறுப்பு. இந்த மாதிரி முப்பது நாப்பது தட்டு இருக்கு. யாராவது வேணும்னே செஞ்சாங்களா?”

“ஆமாம்மா. நான்தான் செஞ்சேன்” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கவனித்து, “அப்ப அத எழுதிக் குடுங்க மேடம். இங்க எங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் அடுத்தது அடுத்ததுன்னு தானாப் போட்டுக்கிட்டே போவுது. நீங்க என்னதான் பண்ணீங்கன்னு யாருக்குமே தெரியல” என்றாள். அந்தப் பேச்சில் இருந்த குறும்பை மன்னித்து எழுதுகிறேன்.

நாங்கள் செய்தது இடைவெளியை அடைப்பது. அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர் எனக்கு. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். குரல் தேர்வு, எழுத்துத் தேர்வு, ஆறு மாதப் பயிற்சி எல்லாம் முடிந்து நிலையத்துக்குள் போனபோது எனக்கு ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுப் பாடுகிற குழு. எழுபது எண்பது பேர் வயலினும் குழலுமாக உட்கார்ந்து, ஒரே ஒருவர் முன்னால் இருந்து தனியாக வாசிக்க, மற்றவர்கள் அவருக்குப் பதில் சொல்வதுபோல் வாசிக்கும் மேற்கத்திய சங்கதி ஒன்று உண்டு என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதிலும் பெரிய பெரிய உருப்படிகள் எங்களிடம் இல்லை. எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம், மிஞ்சினால் பதினொன்று என்று சின்னச் சின்னத் துண்டுகளாக நாற்பது தட்டுகள். எந்த மகராசன் வாங்கி அனுப்பினானோ தெரியாது. அவை நூலகத்தில் இல்லை. ஸ்டூடியோவுக்குள்ளேயே, என் கை எட்டும் தூரத்தில், தனி அடுக்கில் இருந்தன.

அந்த அடுக்குக்குச் சொந்தக்காரர் சடகோபன் சார்.

சார் எங்கள் டியூட்டி ஆபீசர். ஒலிபரப்பில் ஒரு விநாடி பிசகினாலும் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இரண்டு கடிகாரம் வைத்திருப்பார். ஒன்று கையில், இன்னொன்று சட்டைப் பையில். பையில் இருப்பதை எடுத்துக் கையில் இருப்பதைச் சரிபார்ப்பார். பிறகு சுவரில் இருப்பதைப் பார்த்து இரண்டையும் சரிபார்ப்பார். கிராம்பு மென்றுகொண்டே இருப்பார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதனால் அவர் உதடு அசைந்து சத்தம் கேட்காவிட்டால் எங்கே பிசகினோம் என்று தேடத் தொடங்குவோம்.

காலையில் வேளாண் உரை பதினைந்து நிமிடம் என்று போட்டிருக்கும். பேச வந்தவர் பத்து நிமிடத்தில் சரக்கு தீர்ந்து “வணக்கம்” சொல்லியிருப்பார். தில்லிச் செய்தியோ குறித்த விநாடிக்குத்தான் வரும். நடுவில் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் வானொலி சும்மா இருந்தால் கேட்கிறவன் பெட்டி கெட்டுவிட்டது என்று தலையில் ஒரு தட்டுத் தட்டுவான். அதற்குத்தான் வாத்திய இசை. ஊசியைத் தட்டின் மேல் வைத்து, முதல் ஒலி வரும்வரை கையால் சுற்றி, அங்கிருந்து கால் சுற்றுப் பின்னால் இழுத்து நிறுத்தி வைக்க வேண்டும். உரை முடிந்ததும் தட்டை விட்டு, குமிழைத் திருப்பி ஒலியை மேலே கொண்டுவர வேண்டும். செய்திக்குப் பத்து விநாடி இருக்கும்போது குமிழைக் கீழே இறக்கத் தொடங்கி, கேட்கிறவருக்குத் தெரியாமல் தணித்து, முடித்துவிட வேண்டும். இசை எங்கே இருக்கிறது, பாதியா முக்காலா என்று பார்க்கக் கூடாது. கடிகாரத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

“வீணை போட்டா வீணைப் பிரியர் சண்டைக்கு வருவார். நாகஸ்வரத்தப் பாதியில நிறுத்தினா இந்த ஜில்லாவுல நாம நடமாட முடியாது. இது ஒண்ணுதான் யாருக்கும் தெரியாது. பாதியில நிறுத்தினா யாரும் கேக்க மாட்டா” என்பார் சார். “இதை ஒருத்தர் உக்காந்து கேட்டார்னா, அன்னிக்கு நாம வேலைய ஒழுங்காப் பண்ணலைன்னு அர்த்தம்மா.”

இன்னொரு விதியும் உண்டு. இடைவெளி ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஏன் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். ஆகவே தாண்டவே தாண்டாது. திவ்யா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். எத்தனையோ வருடம், எத்தனையோ கை, ஒவ்வொரு தட்டிலும் அந்த முதல் ஐந்து நிமிடத்தையே தேய்த்தோம். ஒரே ஒரு நாள் தவிர, அதற்கு அப்பால் ஊசி போனதே இல்லை.

ஒலிபரப்புக் குறிப்பேட்டில் இதற்கு “வா.இ.” என்று இரண்டு எழுத்துப் போடுவோம். தட்டு எண் எழுதுகிற கட்டத்தில் ஒரு கோடு. யார் தேடப் போகிறார்கள்?

ஒரு ஆவணி மாதம், எனக்கு வந்த அஞ்சலட்டையைச் சொல்கிறேன். அனுப்பியவர் தங்கராசு, பொதுப்பணித் துறை லஸ்கர். பாபநாசத்துக்குப் பக்கத்தில் குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலின் தலைப்பில் ஷட்டரை ஏற்றி இறக்குவது அவர் வேலை. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, எண்ணி வைத்ததுபோல் இருக்கும். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

“அறிவிப்பாளர் அம்மாவுக்கு. சென்ற வியாழன் காலை குருத்துப்பூச்சி பற்றிய பேச்சுக்குப் பிறகு ஒரு வாத்தியம் போட்டீர்கள். ஒத்தை ஆள் வாசிக்கிறார். ஊதுவதும் இல்லை, தட்டுவதும் இல்லை, இழுக்கிற வாத்தியம். ஆண் குரல் மாதிரி இருந்தது. அவர் கேட்கக் கேட்கப் பின்னால் ஒரு கூட்டமே பதில் சொல்லியது. பாதியில் நிறுத்திவிட்டீர்கள். எங்கள் வீட்டில் என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு வாயைத் திறந்து, மீதியைப் போட மாட்டாங்களா என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் மறுபடி பேசவில்லை. நான் ஷட்டரை இறக்கினால் கடைமடைக்காரர் மீதித் தண்ணீர் எப்போது என்று கேட்பார். நாளைச் சொல்லிவிடுவேன். நீங்களும் நாளைச் சொல்ல வேண்டும்.”

படித்துவிட்டுச் சிரிக்கத்தான் தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. இரண்டு வருடம் பேசாத ஒரு பெண் பேசிய முதல் வார்த்தை நான் நிறுத்திய ஒரு இசையைப் பற்றி. அந்த இசை எது என்று எனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை டியூட்டியில் இருந்தது நான்தான். குறிப்பேட்டைத் திறந்தேன். என் கையெழுத்திலேயே “வா.இ.” என்று இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் கோடு. அன்று எந்தத் தட்டை எடுத்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அது ஓடிய ஐந்து நிமிடமும் நான் செய்திக்குப் பிறகு வாசிக்க வேண்டிய உர விலை அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது அந்தப் பக்கமே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வாய்க்கால் தலைப்பில் ஒரு பெண் கேட்டதை, அதை ஓடவிட்ட நான் கேட்கவில்லை.

அட்டையைச் சாரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். கிராம்பை மெல்லுவதை நிறுத்தினார்.

“கண்டுபிடிச்சு?” என்றார்.

“போடணும் சார். முழுசா.”

“எட்டு ஒம்பது நிமிஷம் எங்கம்மா இருக்கு நம்மகிட்ட?” என்று கேட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்.

இருந்தாலும் தேடினேன். காலை ஒலிபரப்பு முடிந்து மதிய ஒலிபரப்பு தொடங்கும்வரை ஸ்டூடியோ சும்மா இருக்கும். நாற்பது தட்டில் பியானோவைக் கழித்தேன், குழலைக் கழித்தேன். இழுக்கிற வாத்தியம் பதினொன்று மிஞ்சியது. வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா, காலுக்கு நடுவில் வைத்து வாசிக்கும் செல்லோ. இதில் எது என்று அவர்கள் சொன்னால்தான் உண்டு. ஒரு மணி நேர கேசட் வாங்கி, பதினொன்றையும் அதில் பதிவு செய்துகொண்டேன். பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரை நிலையத்தில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் பாபநாசத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கியதும் கரையோடு கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். தங்கராசு எதிரே வந்தார். காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் ஷட்டர் திருகும் இரும்புச் சாவி. நான் யார் என்று சொன்னதும் சாவியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

“ரேடியோல பேசற அம்மாவா? குரல் அதேதான். நாளச் சொல்லி ஒரு கார்டு போட்டாப் போதுமே, நீங்களே வந்துட்டீங்க.”

நடக்கும்போதே விஷயத்தைச் சொன்னார். ஒரே மகன், செல்வம். கூட்டாளி ஒருவனின் நாற்றங்கால் காய்கிறது என்று, முறை இல்லாத நாளில் அப்பாவின் சாவியை எடுத்துப் போய் ஷட்டரை நான்கு விரற்கடை ஏற்றிவிட்டான். கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் திரண்டு வந்துவிட்டார்கள்.

“அத்தன பேருக்கு முன்னால அடிச்சுட்டேன்மா. பத்தொம்பது வயசுப் பயல. அடிக்காம இருந்திருந்தா வேல போயிருக்கும். அன்னிக்குப் போனவன்தான். திருப்பூர்ங்கறாங்க, பம்பாய்ங்கறாங்க. ஒரு கடுதாசி இல்ல. அதுலேருந்து அவ எங்கிட்ட பேசறது இல்ல. சோறு போடுவா. சட்டை தொவைப்பா. காச்சல்னா கஷாயம் வைப்பா. பேச்சு மட்டும் கெடையாது.”

“நீங்க பேசிப் பாத்தீங்களா?”

“என்னத்தப் பேசறது? அவ கேட்டா சொல்லலாம். கேக்கலியே. ரெண்டு வருஷம் கழிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டா. அதுக்கும் எனக்கு பதில் தெரியல.”

அந்தப் பதில் என் கைப்பையில் இருக்கிறது என்று நினைத்தபடி நடந்தேன். என்ன திமிர்!

ஷட்டருக்குப் பக்கத்திலேயே லஸ்கர் குடியிருப்பு. அவர் மனைவி அஞ்சம்மாள் வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து “வாங்க” என்றார். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என்னிடம் பேசுவதில் அவருக்குத் தடை ஒன்றும் இல்லை. எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று விசாரித்தார். தங்கராசு ஏதாவது சொன்னால் மட்டும், காற்றில் ஏதோ அசைந்த மாதிரி ஒரு நொடி நிறுத்தி, பிறகு தன் வேலையைப் பார்த்தார்.

டேப்பை ஓடவிட்டேன். முதலில் ஒரு வயலின். அஞ்சம்மாளின் கை நிற்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. தங்கராசு ஒவ்வொன்றுக்கும் “இதுவா இருக்குமோ” என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். முறம் ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது, செல்லோ. கூட்டம் எதுவும் இல்லாமல் அது மட்டும் தனியாகத் தொடங்கியது. அடித்தொண்டையில் ஒருவர் பேச்சை எடுப்பதுபோல் இருந்தது.

முறம் நின்றது.

அஞ்சம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அரிசியைப் பார்த்தபடியே இருந்தார். செல்லோ ஏதோ கேட்டது. ஆர்க்கெஸ்ட்ரா தாழ்ந்த குரலில் பதில் சொன்னது. பதில் போதாமல் செல்லோ மறுபடி கேட்டது, இன்னும் கொஞ்சம் மேலே போய். தங்கராசு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கேட்க வேண்டியதை, ஒரு வழியாக, அந்த வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். செல்லோ மேலே மேலே போய் ஒரு இடத்தில் நின்றது. பின்னால் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். இப்போது என்ன சொல்லப் போகிறது என்று நான் முன்னால் குனிந்தேன்.

ஒலி தணிந்தது. தணிந்து, தணிந்து, இல்லாமல் போனது. இரண்டு விநாடி கழித்து ஆறாவது தொடங்கியது. குதியாட்டமாக ஒரு வயலின்.

என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அறுபது நிமிட கேசட்டில் பதினொன்று அடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டது உண்மை. ஆனால் அது சாக்குதான். இரண்டு கேசட் வாங்கினால் என்ன குறைந்துவிடும்? பதிவு செய்யும்போது ஒவ்வொரு தட்டுக்கும் ஐந்தாவது நிமிடத்தில் என் கை தானாகக் குமிழை இறக்கியிருக்கிறது. மீதியைக் கேட்டவர்களுக்கு மீதி இல்லாமல் கொண்டுபோயிருக்கிறேன். உலகத்தில் வேறு எந்த வேலை பார்ப்பவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்.

அஞ்சம்மாள் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபம் இல்லை. கடையில் இல்லை என்று சொன்னால் திரும்பிப் போகிறவர் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“திரும்பவும் அதே எடத்துல ஷட்டர இறக்கிட்டீங்களேம்மா” என்றார் தங்கராசு. அவர் குரலும் சடகோபன் சார் குரல் மாதிரி ரொம்ப மெதுவாக இருந்தது.

மறுநாள் காலை சாரிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கேசட் விஷயத்தைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். சார் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார், பார்க்காமலே திரும்ப வைத்தார்.

“அந்தத் தட்டு மொத்தம் எவ்ளோ?”

“ஒம்பது நிமிஷம் இருபது விநாடி சார்.”

இரண்டு நாள் கழித்து அடுத்த வாரத்துக்கான நிகழ்ச்சித் தாள் என் மேஜைக்கு வந்தது. வியாழன் காலை வேளாண் உரை பதினைந்து நிமிடம் என்று அச்சிட்டிருந்தது. அதற்கு எதிரே சார் பென்சிலால் எழுதியிருந்தார்: உரை ஐந்து நிமிடம் முப்பது விநாடி. ஐந்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி ஏன் என்று மேலே அனுப்ப வேண்டிய விளக்கத்தையும் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். “நிலையத்தின் நேயர் ஒருவர் கேட்டதால்” என்று ஒரே ஒரு வரி. அவர் வேலைக்குச் சேர்ந்து அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். நான் தங்கராசுவுக்கு நாளைச் சொல்லி அட்டை போட்டேன்.

வியாழன் காலை சார் ஸ்டூடியோவுக்குள்ளேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தட்டை வைத்து, முதல் ஒலிக்குச் சுற்றி, கால் சுற்று இழுத்து நிறுத்தினேன். உரை முடிந்தது. “அடுத்து வாத்திய இசை” என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். நான் “அடுத்து, செல்லோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமான ஒரு சிறு உருப்படி, முழுவதும்” என்றேன்.

ஐந்தாவது நிமிடம் வந்தது. என் வலது கை குமிழ் மேல் இருந்தது. இடது கையால் அதைப் பிடித்து எடுத்தேன். செல்லோ அந்த உயரத்தில் நின்றது, எல்லோரும் அடங்கினார்கள், பிறகு அது இறங்கி வந்தது. ஒரு அவசரமும் இல்லை. அதன் பிறகு கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆர்க்கெஸ்ட்ராவும் பதில் சொல்லவில்லை. இரண்டு பக்கத்தாரும் சேர்ந்தே வாசித்தார்கள். கடைசியில் செல்லோ தொடங்கிய அதே தாழ்ந்த இடத்துக்கு வந்து, ஒரே ஒரு சுரத்தில் நின்று, முடித்தது. ஊசி உள்வட்டத்தில் சுற்றும் சத்தம் கேட்டது. தில்லிக்கு ஏழு விநாடி இருந்தது.

செய்தி தொடங்கியதும் சார் எழுந்தார். “இதுக்கு முடிவுன்னு ஒண்ணு இருக்குன்னு எனக்கும் இன்னிக்குத்தான்மா தெரியும்” என்றார். குறிப்பேட்டை என் பக்கம் தள்ளி, “முழுசா எழுதுங்கோ. தட்டு நம்பரோட” என்றார்.

பத்து நாளில் அட்டை வந்தது. இரண்டே வரி. “மீதி வந்து சேர்ந்தது. வீட்டில் வார்த்தை வந்தது.”

அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ வருடம் நிம்மதியாக இருந்தேன் என்றால் மிகையில்லை. வேலையில் கசப்பு வந்த நாட்களில் எடுத்துப் படிப்பேன். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்தேன் என்று மனதுக்குள் ஒரு மெடல் குத்திக்கொண்டிருந்தேன். தட்டு மறுபடி அடுக்குக்குப் போனது. விதியும் பழையபடி வந்தது. அதற்குப் பிறகு அதே தட்டை எத்தனையோ தடவை ஐந்தாவது நிமிடத்தில் நானே தணித்தேன். தனியாக இருக்கும்போது முழுதும் கேட்டிருக்கலாம். ஏனோ செய்யவில்லை. அது அடுத்தவர் பங்கு என்று ஒரு எண்ணம். ஆனால் அந்தக் கடைசிச் சுரத்துக்காக ஏங்கியிருக்கிறேன். சமைக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, செல்லோ உயரத்தில் நிற்கும் இடம்வரை மனதில் வரும். அதற்கு மேல் எட்டாது. ஒரு தடவை கேட்டது எப்படி நினைவில் நிற்கும்?

ஆகவேதான் திவ்யா அந்தத் தட்டைப் பற்றிக் கேட்டதும் அதை எனக்கு அனுப்பச் சொன்னேன். “கரகரப்ப சாஃப்ட்வேர்ல எடுத்துட்டு அனுப்பட்டுமா மேடம்?” என்றாள். வேண்டாம், அப்படியே அனுப்பு என்றேன். போனில் வந்து விழுந்தது. நான் திறக்கவில்லை. மறுநாள் காலை பாபநாசத்துக்கு பஸ் ஏறினேன்.

ஷட்டர் இப்போது புதிது. லஸ்கர் குடியிருப்பு இருந்த இடத்தில் இரும்புக் கம்பிகள் கிடந்தன. விசாரித்துக்கொண்டு ஊருக்குள் போனேன். தங்கராசு இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அஞ்சம்மாள் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். கண் மங்கியிருந்தது. நான் பேசத் தொடங்கியதும், “ரேடியோ அம்மா” என்றார்.

கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு, இத்தனை வருடம் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “அன்னிக்கு முழுசும் கேட்டதும் அவர்கிட்ட பேசினீங்களாமே. என்னம்மா சொன்னீங்க?”

அவர் யோசிக்கவே இல்லை. “மீதி வந்துடுச்சு, அவன்தான் வரலன்னேன்.”

என் மெடல் அந்த நொடியே கழன்று விழுந்தது.

“நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க” என்றார் அஞ்சம்மாள். “அத நான் சொன்னதும் இவரு தூணுல முட்டிக்கிட்டு அழுதாரு பாருங்க, அப்படி ஒரு அழுக. அதுவரைக்கும் எம்புள்ள போயிட்டான், எம்புள்ள போயிட்டான்னே இருந்தேன். அவருக்கும் புள்ளதானேன்னு அன்னிக்குத்தான் தோணிச்சு. அதுக்கப்பறம் பேசாம எப்படி இருக்கறது? ரெண்டு பேருக்கும் காணாமப் போனது ஒரே பயதானே.”

“செல்வம்…?”

“வரல. அவரு கடைசி வரைக்கும் காலயில அந்த நேரத்துக்குப் பொட்டியப் போட்டுட்டு உக்காருவாரு. நானும் உக்காருவேன். மறுபடி அந்தப் பாட்டப் போடுவாங்களோன்னு. போடும்போதெல்லாம் பாதிதான் வந்துச்சு. அவரு சிரிப்பாரு. ஒனக்குதான் மீதி தெரியுமேம்பாரு.”

அந்தப் பாதிகளைப் போட்டது யார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். போனை எடுத்தேன். “கொண்டாந்திருக்கேன்” என்றேன். அவர் நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போனை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து ஓடவிட்டேன்.

ஒரே கரகரப்பு. மழை பெய்கிற ஓட்டுக்குக் கீழே யாரோ பேசுவதுபோல் செல்லோ உள்ளே எங்கேயோ இருந்தது.

“என்ன இது, இப்படிச் சத்தம்?”

“நாங்க போட்டுப் போட்டுத் தேச்சதும்மா.”

“அவ்வளவு தடவயா!” என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

செல்லோ கேட்டது. பதில் வந்தது. மறுபடி கேட்டது. மேலே போனது. சட்டென்று கரகரப்பு நின்றது. அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்து வாசிப்பதுபோல் அவ்வளவு தெளிவு. என் கை அசைந்ததை நான் கவனிக்கவில்லை. ஒலியைக் குறைக்கும் பொத்தானில் கட்டைவிரல் பட்ட பிறகுதான் தெரிந்தது.

அஞ்சம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. தடவிப் பார்த்து என் மணிக்கட்டைப் பிடித்தார். போனிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“இருக்கட்டும், ஓடட்டும்” என்றார்.

முடியும்வரை கையை விடவில்லை. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.